நம்ம ஏரியா பையனுக்கு ஓட்டு போடக்கூடாதுன்னு ஒரு விதி வந்தா?

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

ராயபுரத்துல இருந்து பேசறேன். பின்னாடி ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி சத்தம் கேட்டா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, அது இந்த எபிசோடோட பின்னணி இசைன்னு வச்சுக்கலாம்.

இன்னைக்கு மேட்டர், டிவி பாட்டுப் போட்டி. ஒவ்வொரு சீசன் பைனல் முடிஞ்சதும் ஒரே வசனம் வரும், கவனிச்சிருக்கீங்களா? "பாட்டுல எதுக்குப்பா அரசியல்? நல்லா பாடினவங்களுக்கு குடுக்க வேண்டியதுதானே." டீக்கடையில வரும், வாட்ஸ்அப் குரூப்ல வரும், நம்ம வீட்டு ஹால்லயே வரும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. தனக்குப் பிடிச்சவங்க ஜெயிச்ச அன்னைக்கு யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. அன்னைக்கு அது "மக்கள் தீர்ப்பு". தோத்த அன்னைக்கு மட்டும்தான் அது "அரசியல்".

ஓட்டுன்னு ஒண்ணு இருந்தா அரசியல் இருக்கும். அதைத் துரத்த முடியாது. நாம கேக்க வேண்டிய கேள்வி வேற. இந்தப் போட்டியோட விதி, ஜனங்கள யாரைக் கேக்க வைக்குது? அதுக்கு முதல்ல கொஞ்சம் தூரம் போயிட்டு வரணும். ஐரோப்பாவுக்கு.

உன் நாட்டுக்கு நீ ஓட்டு போடாதே

யூரோவிஷன் பாட்டுப் போட்டி கேள்விப்பட்டிருப்பீங்க. 1956-ல சுவிட்சர்லாந்து லுகானோ நகரத்துல ஏழு நாட்டோட ஆரம்பிச்சது. 1974-ல அப்பா குழு ஸ்வீடனுக்காகப் பாடி ஜெயிச்சது இந்த மேடையிலதான். 1988-ல செலின் டியான் ஜெயிச்சாங்க, டைட்டானிக் பாட்டுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. அவங்க கனடாக்காரங்க, ஆனா பாடினது சுவிட்சர்லாந்துக்காக. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. இந்த கனடா விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

அந்தப் போட்டியில எனக்கு ரொம்பப் பிடிச்சது பாட்டு இல்ல, விதி. ரெண்டு விதி.

ஒண்ணு, உன் நாட்டுக்கு நீ ஓட்டு போட முடியாது. பிரான்ஸ்காரர் போன எடுத்தா பிரான்ஸைத் தவிர மத்தவங்களுக்குத்தான் போடணும். அதுக்கு மத்தவங்க பாட்டையும் கேட்டாகணும்.

ரெண்டு, எல்லா நாட்டு ஓட்டுக்கும் ஒரே எடை. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடிச்ச பத்துப் பாட்டுக்கு 12, 10, அப்புறம் 8-ல இருந்து 1 வரைக்கும் புள்ளி குடுக்கும். 1975-ல இருந்து இந்தக் கணக்குதான். ஜெர்மனியில எட்டுக் கோடிக்கு மேல ஜனம். சான் மரினோன்னு ஒரு குட்டி நாடு, மொத்தமே முப்பத்து சொச்சம் ஆயிரம் பேர். நம்ம சென்னை மாநகராட்சியில 200 வார்டு இருக்கு, 2011 கணக்குப்படி ஒரு வார்டுக்கு சராசரியா அவ்வளவு பேர் வர்றாங்க. அதாவது நம்ம வார்டு சைஸ்ல ஒரு நாடு. அந்த நாட்டு நடுவர் குழு குடுக்கற 12-ம் ஜெர்மனி நடுவர் குழு குடுக்கற 12-ம் ஒண்ணுதான்.

அப்போ அங்க அரசியல் இல்லையா?

இருக்கு. நல்லாவே இருக்கு. கிரீஸும் சைப்ரஸும் வழக்கமா ஒருத்தருக்கொருத்தர் 12 குடுத்துப்பாங்க, பார்வையாளர் கூட்டமே சிரிக்கும். துருக்கி கலந்துகிட்ட காலத்துல ஜெர்மனியில வேலைக்குப் போய்க் குடியேறின துருக்கிக்காரங்க ஜெர்மனி போன்ல இருந்து துருக்கிக்குப் போட்டாங்க. விதி சொன்னது "உன் நாட்டுக்குப் போடாதே". ஆனா மனசுல நாடு ஒண்ணு, சிம் கார்டுல நாடு வேற.

1974-ல போர்ச்சுகல் அனுப்பின பாட்டு போட்டியில கடைசி இடம். சில வாரத்துல அதே பாட்டை லிஸ்பன் வானொலியில போட்டாங்க. ராணுவ அதிகாரிங்க சர்வாதிகார ஆட்சிய எதிர்த்துக் கிளம்பறதுக்கு அதுதான் சிக்னல். போட்டியில தோத்த பாட்டு ஒரு ஆட்சிய கவுக்க உதவிச்சு.

2016-ல உக்ரைனோட ஜமாலா, 1944-ல ஸ்டாலின் காலத்துல கிரிமியத் தாத்தார் மக்களை ஊரை விட்டே நாடு கடத்தினதப் பத்திப் பாடினாங்க. அரசியல் வரி இருக்கக்கூடாதுன்னு யூரோவிஷன்ல விதி உண்டு. இது வரலாறு, அரசியல் இல்லைன்னு நிர்வாகம் அனுமதிச்சது. முடிவு வந்தப்போ நடுவர்கள் முதலிடம் குடுத்தது ஆஸ்திரேலியாவுக்கு, மக்கள் ஓட்டுல முதலிடம் ரஷ்யாவுக்கு, ரெண்டையும் கூட்டினா ஜெயிச்சது உக்ரைன். மூணு பேருக்கும் "நான்தான் ஜெயிச்சேன்"னு சொல்ல ஒரு நியாயம் இருந்தது.

2022-ல போர் ஆரம்பிச்ச மறுநாளே ரஷ்யாவ வெளிய நிறுத்தினாங்க. அந்த வருஷம் உக்ரைனுக்கு மக்கள் ஓட்டுல 439 புள்ளி, அதுவரைக்கும் யாரும் வாங்காதது. அது பாட்டுக்கு மட்டும் விழுந்த ஓட்டா? கண்டிப்பா இல்ல. ஒரு நாடு உயிரோட இருக்குன்னு இன்னொரு நாட்டு ஜனம் போன் எடுத்து சொன்ன ஓட்டு. அதுல எனக்கு ஒரு குறையும் தெரியல.

ஆனா காசா போருக்கு நடுவுல இஸ்ரேல் தொடர்ந்து கலந்துக்கலாம்னு விட்டாங்க. "இது ஒலிபரப்பு நிறுவனங்களோட போட்டி, அரசாங்கங்களோடது இல்ல"ன்றது நிர்வாகத்தோட பதில். ரஷ்யா கதை வேற, இது வேறன்னு விளக்கம். எனக்கு அந்த பதில் பத்தல. ஒரு போருக்குக் கதவை மூடினா, இன்னொரு போருக்கு ஏன் மூடலன்னு கேப்பாங்கல்ல? 2025 பாசல் நகரத்துல நடந்த பைனல்ல மொத்தத்துல ஆஸ்திரியா ஜெயிச்சது, ஆனா மக்கள் ஓட்டுல முதலிடம் இஸ்ரேல், 297 புள்ளி. அரசாங்கமே விளம்பரம் குடுத்து ஓட்டு சேர்த்ததுன்னு புகார் வந்தது. ஒருத்தர் இருபது தடவை வரைக்கும் போடலாம்னு இருந்ததை அப்புறம் பத்தாக் குறைச்சாங்க. 2026 வியன்னா போட்டிக்கு வரமாட்டோம்னு ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து விலகிட்டாங்க.

ஒரு விஷயம் பாருங்க. இத்தனை சண்டையும் ஆதாரத்தோட நடக்குது. எந்த நாட்டு மக்கள் யாருக்கு எத்தனை புள்ளி, எந்த நாட்டு நடுவர் யாருக்கு எத்தனை, எல்லாம் பைனல் முடிஞ்சதும் வெளியாகுது. அரசியல் அங்க ஸ்கோர்போர்டுல பேரோட தெரியுது. நம்ம ஊர்ல நிலைமை என்ன?

கனடாவுல இருந்து வந்த பொண்ணு

நம்ம ஊர் போட்டியும் உள்ளூர்ப் போட்டி இல்லீங்க. அதுவும் பன்னாட்டுப் போட்டிதான், யாரும் அப்படிப் பேர் வைக்கல, அவ்வளவுதான்.

2015 பிப்ரவரி, சூப்பர் சிங்கர் ஜூனியர் நாலாவது சீசன் பைனல். கனடாவுல இருந்து வந்த ஈழத் தமிழ்ப் பொண்ணு ஜெசிக்கா, 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துல ஊரை விட்டுப் போறவங்க பாட்டா வருமே, அதைப் பாடினாங்க. 2009 முள்ளிவாய்க்கால் முடிஞ்சு ஆறு வருஷம்கூட ஆகல. அரங்கத்துல அழுதாங்க, வீட்ல உக்காந்து பாத்தவங்களும் அழுதாங்க. ஸ்பூர்த்தி டைட்டில் ஜெயிச்சாங்க, ஜெசிக்கா ரெண்டாவது. பரிசா வந்த ஒரு கிலோ தங்கத்தை தமிழ்நாட்டுலயும் ஈழத்துலயும் இருக்கற ஆதரவில்லாத குழந்தைங்களுக்குக் குடுக்கறோம்னு மேடையிலயே அறிவிச்சாங்க.

உடனே ரெண்டு கட்சி. "ஈழத்தை வச்சு ஓட்டு வாங்கறாங்க"ன்னு ஒரு பக்கம். "ஈழத்துப் பொண்ணுன்றதால டைட்டில் தரல"ன்னு இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் சேர்ந்து மறந்தது, அந்தப் பொண்ணு எப்படிப் பாடினாங்கன்றதை. செலின் டியான் கனடாவுல இருந்து வந்து சுவிட்சர்லாந்துக்குப் பாடினா அது ஒரு தகவல். ஜெசிக்கா கனடாவுல இருந்து வந்து பாடினா அது ஒரு இனத்தோட கதை. ஏன்னா சுவிட்சர்லாந்துக்குன்னு ஒரு கொடி, ஒரு டிவி, ஒரு நாற்காலி அந்தப் போட்டியில இருக்கு. ஈழத் தமிழருக்கு எந்தப் பாட்டுப் போட்டியில நாற்காலி இருக்கு? சென்னையில ஒரு டிவி செட்லதான் அது கிடைச்சது.

எட்டு வருஷம் கழிச்சு, 2023. ஜீ தமிழ் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் மூணாவது சீசன். யாழ்ப்பாணம் அரியாலையில இருந்து கில்மிஷா, மலையகத்துல புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல இருந்து அசானி. டிசம்பர் பைனல்ல கில்மிஷா டைட்டில் ஜெயிச்சாங்க. ஊருக்குத் திரும்பினப்போ யாழ்ப்பாணத்துல ஊர்வலமா கூட்டிட்டுப் போனாங்க.

அசானி வந்தது இன்னும் பெரிய விஷயம்னு நான் நினைக்கறேன். 1823-ல இங்கிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, அதோட 200-வது வருஷம் 2023. அந்த வருஷம் தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் மலையக மக்கள் ஒரு நடைபயணமே போனாங்க. அவங்க முன்னோர் நடந்த அதே பாதை. நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனா அதே வருஷம் ஞாயித்துக்கிழமை டிவியில ஒரு சின்னப் பொண்ணு வந்து பாடினதும் "இலங்கையில யாழ்ப்பாணத் தமிழர் வேற, மலையகத் தமிழர் வேற, அவங்க நம்ம ஊர்ல இருந்து போனவங்க"ன்னு இங்க வீட்டு ஹால்ல பேச ஆரம்பிச்சாங்க. ஒரு பாடப்புத்தகம் பண்ணாததை ஒரு பாட்டு பண்ணிச்சு.

அதே நேரம் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பத்துப் பன்னண்டு வயசுக் குழந்தைய மேடையில நிக்க வச்சு, பின்னாடி சோக மியூசிக் போட்டு, போரைப் பத்தியும் வறுமையப் பத்தியும் சொல்ல வைக்கறது. கேமரா நடுவர் கண்ணுக்குப் போகும், கண்ணீர் வரும் வரைக்கும் நிக்கும். யூரோவிஷன் பெரியவங்க போட்டி. மேடையேறணும்னா பதினாறு வயசாவது ஆகியிருக்கணும். ஒரு மக்களோட காயத்தைத் தூக்கிட்டுப் போக ஜமாலா தானா முடிவு பண்ணாங்க. நம்ம ஊர்ல அதை ஒரு அஞ்சாங்கிளாஸ் பிள்ளை தோள்ல வைக்கறோம். அந்தப் பிள்ளை ஒரு வாரம் சுதி தப்பினா, தோத்தது பாட்டா, ஊரா?

நம்ம கதைக்கு வருவோம்: கானா

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். இந்த பெல்ட்ல இருந்து பேசிட்டு கானாவ விட முடியாது. துக்க வீட்டு வாசல்ல ராத்திரி முழுக்க உக்காந்து, இறந்தவரோட பேரையும் வாழ்க்கையையும் அங்கேயே வரியாக் கட்டிப் பாடற கலை அது. தாளம் இல்லாம நீளமா இழுத்து எடுப்பாங்க, அப்புறம் டோலக் விழும். எதுகை அந்த இடத்துலயே வரணும். எழுதி வச்சுப் படிக்க நேரம் கிடையாது.

தேவா இதை சினிமாவுக்குக் கொண்டு போனார். 2012-ல 'அட்டகத்தி' வந்தப்போ கானா பாலா குரல் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. 2018-ல தொடங்கின சூப்பர் சிங்கர் ஜூனியர் ஆறாவது சீசன்ல பூவையார் கானாவோட வந்து, அடுத்த வருஷமே 'பிகில்' வரைக்கும் போனான். அதே 2018-ல பெரியவங்க சீசன்ல புதுக்கோட்டையில இருந்து வந்த நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் டைட்டில் ஜெயிச்சார். அப்போ "சாஸ்திரிய சங்கீதம் தெரியாதவருக்கு டைட்டிலா?"ன்னு ஒரு சண்டை நடந்தது ஞாபகம் இருக்கா?

இங்க ஒரு சின்ன கணக்கு எடுங்க. அடுத்த சீசன் பாக்கும்போது நடுவர் கமென்ட்டை எழுதி வைங்க. சங்கீதம் கத்துக்கிட்ட பிள்ளை பாடினா என்ன வார்த்தை வருது? சுதி, சங்கதி, பிர்கா, கமகம், மூச்சுக் கட்டுப்பாடு. கானா பாடற பையனுக்கு என்ன வருது? "செம எனர்ஜி", "மாஸ்", "கலக்கிட்டடா தம்பி". எழுந்து ஆடுவாங்க, கட்டிப்பிடிப்பாங்க. ஆனா அந்த இழுப்புல அவன் மூச்சை எப்படி வச்சான், எந்த இடத்துல டோலக்குக்கு முன்னாடி நுழைஞ்சான்னு ஒருத்தர் பேச மாட்டாங்க. ஒருத்தருக்கு மார்க், இன்னொருத்தருக்குக் கைத்தட்டல். இதுவும் அரசியல்தான். யாரும் இதை அரசியல்னு சொல்றதில்ல, ஏன்னா இது ரொம்ப சிரிச்ச முகத்தோட நடக்குது.

நாம இதுக்கு என்ன பதில் குடுக்கறோம்? போன எடுக்கறோம். "நம்ம ஏரியா பையன், விடாதே, எல்லாரும் போடு." பேனர் வைக்கறோம். ஏரியா பசங்க உக்காந்து ஓட்டு போடுவாங்க. பாசம்தான், தப்பில்ல. ஆனா அந்த ஓட்டு என்ன சொல்லுது? நாம எத்தனை பேர் இருக்கோம்னு சொல்லுது. அவன் பாட்டை வேற யாராவது கேட்டாங்களான்னு சொல்லுதா? சொல்லாது.

அப்போ இப்படி ஒரு விதி வச்சா?

சும்மா ஒரு கற்பனை. தமிழ் பாட்டுப் போட்டிக்கு யூரோவிஷன் விதி வைப்போம். தமிழ்நாட்டுல 39 மக்களவைத் தொகுதி. வட சென்னை அதுல ஒண்ணு, ராயபுரமும் திருவொற்றியூரும் அதுக்குள்ள வரும். வெளிய ஆறு: யாழ்ப்பாணம், மலையகம், மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஐரோப்பா. மொத்தம் 45. ஒவ்வொண்ணுக்கும் ஒரே எடை, உச்சபட்சம் 12 புள்ளி. உன் தொகுதிப் போட்டியாளருக்கு நீ போட முடியாது.

வட சென்னைப் பையன் பைனல் வந்தா, நம்ம ஓட்டு அவனுக்கு சைபர். மீதி 44 இடமும் 12 குடுத்தா 528. கோயம்புத்தூரும் தஞ்சாவூரும் கன்னியாகுமரியும் அவன் கானாவைக் கேட்டு, பிடிச்சு, போன் எடுத்தாதான் அவன் ஜெயிப்பான். அப்படி ஒரு நாள் பொள்ளாச்சியில இருந்து காசிமேட்டுப் பையனுக்கு 12 விழுந்தா, அது நாம நம்ம போன்ல போட்ட லட்சம் ஓட்டைவிடப் பெரிசு. அது எண்ணிக்கை இல்ல, காது.

நமக்கும் வேலை இருக்கு. நம்ம 12 புள்ளிய யாருக்காவது குடுத்தாகணுமே. அப்போ தேனிப் பொண்ணு என்ன பாடினா, திருநெல்வேலித் தம்பி குரல் எப்படி, மலையகத்துப் பாட்டு என்னன்னு நாமளும் உக்காந்து கேக்கணும். நம்மள யாரும் கேக்கறதில்லன்னு சொல்ற ஏரியா நாம. அப்படிச் சொல்ற உரிமை, மத்தவங்களைக் கேட்டா இன்னும் கெட்டியாகும்.

சரி, நீங்க சொல்லப் போறது எனக்குத் தெரியும். கனடா தமிழர் யாழ்ப்பாணத்துக்குத்தான் போடுவாங்க. பக்கத்துப் பக்கத்துத் தொகுதி கூட்டணி போட்டுக்கும். சாதி பாத்துப் போடுவாங்க. ஆமா, எல்லாம் நடக்கும். கிரீஸ், சைப்ரஸ் கதை இங்கயும் வரும். ஆனா எவ்வளவு பெரிய கூட்டமா இருந்தாலும் ஒரு இடத்துல இருந்து 12-க்கு மேல போகாது. எங்கிருந்து யாருக்குப் போச்சுன்னு மறுநாள் எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு நம்ம ஷோக்கள்ல ஊர்வாரியா, நாடுவாரியா ஓட்டு விவரம் வெளியிடற வழக்கம் இல்ல. பலூன் வெடிக்கும், பேர் சொல்லுவாங்க, முடிஞ்சது. விவரம் இல்லாத இடத்துலதான் "உள்குத்து"ன்ற வார்த்தை முளைக்கும், அந்த வார்த்தை நேரா போய் ஜெயிச்ச பிள்ளை மேலதான் விழும். அந்தப் பிள்ளை என்ன பண்ணிச்சு, பாவம்?

விதி மாத்த நம்ம கையில சேனல் இல்ல. ஆனா மூணு விஷயம் கேக்கலாம். ஓட்டு விவரத்தை முழுசா வெளியிடுங்க. நடுவர் நாற்காலியில கானாவும் நாட்டுப்புறமும் தொழிலாத் தெரிஞ்ச ஒருத்தரை, ஒரு வாரம் விருந்தாளியா இல்லாம, சீசன் முழுக்க உக்கார வைங்க. குழந்தைங்ககிட்ட போரைப் பத்தியும் கடனைப் பத்தியும் மேடையில கேக்காதீங்க, பாட வைங்க.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயித்துக்கிழமை எந்த ஷோ பாத்தாலும் சரி, உங்க ஊர், உங்க நாடு, உங்க ஏரியா, எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு, வேற யாருக்கு அந்த 12 புள்ளி குடுப்பீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஏன்னும் சொல்லணும். "எனர்ஜி"ன்ற வார்த்தைக்கு மட்டும் தடை. அடுத்த எபிசோட்ல நாலஞ்சு போட்டுக் காட்டறேன். வரட்டா!